படத்தைத் துடைக்கும் தளம்

வாழை இலைச் சாப்பாட்டைப் பற்றி எழுத பிரிக்பீல்ட்ஸில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இன்ஸ்பெக்டர். நான் இணையத்தளங்களைப் பற்றி எழுதுகிறேன். வாரம் ஒன்று, டெலிகிராமில். நட்சத்திரம் போடுவேன்.

நம் வீட்டுக்கு நேர்கீழே, பூமியின் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று காட்டும் தளம் ஒன்று உண்டு. என் வீட்டுக்குக் கீழே ஈக்வடோர். பயன் எதுவுமில்லை. நான்கு நட்சத்திரம் கொடுத்தேன்.

சோதிக்காமல் எழுதுவதில்லை. ஒரு தளம், நாம் ஏற்றும் கோப்புகளை ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுவதாகச் சொன்னது. நான் மதியம் சாப்பிட்டு, தூங்கி எழுந்து போய்ப் பார்த்தேன். என் மின்சார பில் அங்கேயே இருந்தது. ஒரு நட்சத்திரம். வாசகர்கள் என்னை நம்புவது இதனால்தான்.

புனிதாவும் வாசகர்தான். நேரில் பார்த்ததில்லை. ஜூலையில் எழுதினார்.

"அண்ணே, போட்டோவ வச்சு இடத்தைக் கண்டுபிடிச்சிருவாங்களாமே. அது முடியாம செய்ய ஏதாச்சும் சைட் இருக்கா? மகளோட தனியா வந்துட்டேன். வீட்டுக்காரரு ஏற்கெனவே கைய ஒடிச்சிட்டாரு. அடுத்தது கழுத்துன்னு சொல்லியிருக்காரு. ஃப்ரீயா இருந்தா நல்லது லா."

படத்தை ஏற்றினால், அதற்குள் ஒளிந்திருக்கும் இடம், நேரம், போன் விவரம் எல்லாவற்றையும் துடைத்துத் தரும் தளம் ஒன்றைச் சொன்னேன். அந்த வாரமே அதைப் பற்றி எழுதினேன். ஐந்து நட்சத்திரம். நான் எளிதில் ஐந்து கொடுப்பவனில்லை.

ஆகஸ்ட்டில் ஒரு படம் அனுப்பினார். ஜன்னலோரம் கேக், பின்னால் பல் விழுந்த ஒரு சிறுமி. "சைட் சூப்பர்ணே. பாப்பா பொறந்தநாளு. தொடச்சிட்டுத்தான் எங்கம்மாவுக்கு அனுப்புனேன்" என்றார். வாழ்த்துச் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து அதே படம் இன்னொருவரிடமிருந்து வந்தது. ஜெயராஜ். அவரும் வாசகர்தான்.

"பாஸ், இது எங்க எடுத்ததுன்னு பாத்துச் சொல்லுங்களேன். வொய்ஃப் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. மாமியார் போன்ல இருந்துச்சு. நீங்க போடுற சைட் எல்லாம் ட்ரை பண்ணிட்டேன், ஒண்ணும் கெடைக்கல."

ஒன்றும் கிடைக்கவில்லை என்பது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. தளம் சொன்னதைச் செய்திருக்கிறது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் தேடத் தெரியாதவர். தெரிந்தவன் தேடினால் என்ன ஆகும் என்பதுதானே கேள்வி. அந்த ஐந்து நட்சத்திரம் என் பெயரில் நின்றது.

ஜன்னலுக்கு வெளியே தெருவின் குறுக்கே வேப்பிலைத் தோரணம், மஞ்சள் கொடிகள். ஆடித் திருவிழா. நம் பக்கத்துக் கோயில்கள் எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் திருவிழா வைப்பதில்லை. உறுமி மேளக்காரர்கள் கிடைக்க வேண்டும், கூட்டம் வர வேண்டும். ஆளுக்கொரு வாரம் பிரித்துக்கொள்வார்கள். சிலாங்கூர் கோயில் நோட்டீஸ்களைத் தொகுத்துப் போடும் தளம் ஒன்றும் இருக்கிறது. பழைய மாதிரி வடிவமைப்பு, ஆனால் அருமையான தளம். நான்கு கொடுத்திருந்தேன்.

"பாப்பா பர்த்டே எப்போ?" என்று ஜெயராஜைக் கேட்டேன்.

"ஆகஸ்ட் மூணு, பாஸ். அன்னிக்குக்கூடக் காட்டல."

அன்று ஞாயிறு. நோட்டீஸ்களில் மூன்று கோயில்கள் அகப்பட்டன. செலாயாங், காஜாங், கிள்ளான். தெருக்களைப் படமாகக் காட்டும் வரைபடத்தில் மூன்று இடத்திலும் மெதுவாக நடந்தேன். கிள்ளானில், கோயிலுக்குப் பின்னால், படத்தில் இருந்த நீலத் தண்ணீர்த் தொட்டி நின்றது. எதிரே பழைய அடுக்குமாடி. தொட்டி தெரிந்த உயரத்தை வைத்துப் பார்த்தால் மூன்றாவது மாடி, ஓரத்து வீடு. காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆனாலும் அது என் ஊகம். யாராவது போய்ப் பார்த்தால்தான் முடிவு. நான் போய்க் கதவைத் தட்டினால் புனிதா பயந்திருப்பார். ஜெயராஜுக்குப் போகக் காரணம் இருந்தது. வீட்டின் அடையாளம் சொல்லி அனுப்பினேன். சரியாக இருந்தால் தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

"சூப்பர் பாஸ். நீங்கதான் ஆளு" என்றார்.

புனிதாவுக்குச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். யோசித்தேன். சொன்னால் வீடு மாறிவிடுவார். பிறகு எதைச் சரிபார்ப்பது?

செவ்வாய்க்கிழமை காலை புனிதாவின் செய்தி வந்தது.

"அண்ணே, கீழ அவரு காடி மாதிரி ஒரு காரு நிக்குது. அந்த சைட்டு நல்லா வேலை செய்யுதுதானே? இல்லாட்டி பின் படியால எறங்கிப் பக்கத்து வீட்டு ஆன்டிகிட்ட போயிர்றேன்."

உடனே படித்தேன். நான் வாசகர்களைக் காக்கவைப்பதில்லை.

"நல்லா வேலை செய்யுதும்மா. பயப்படாதீங்க" என்று பதில் போட்டேன். அவர் கும்பிடும் கை ஒன்றை அனுப்பினார். வீட்டிலேயே இருந்தார்.

மூன்றாவது மாடியிலிருந்து தள்ளியதாக ஜெயராஜ் ஒப்புக்கொண்டதாகச் சொன்னீர்கள். சிறுமி அப்போது பள்ளியில் இருந்திருக்கிறாள். நல்லது.

இடத்தைச் சொன்னது நான். அவர் வருவார் என்று தெரியும், எதற்கு வருவார் என்றும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் புனிதாவிடம் நான் பொய் சொன்னதாக எழுதாதீர்கள். அந்தப் படத்தைப் பிறகு மறுபடியும் சோதித்துப் பார்த்தேன். சுத்தமாகத் துடைத்திருந்தது.