ஒரு லாரி, மூன்று பங்கு

உங்கள் ஸ்டேஷன் டீயில் இஞ்சி போதாது. பரவாயில்லை, சூடாக இருக்கிறது. எனக்கு மராத்தி பேச வருமே தவிர எழுத வராது. அதனால் தமிழிலேயே எழுதித் தருகிறேன். மொழிபெயர்க்கிறவர் எதையும் சுருக்காமல் இருந்தால் போதும்.

என் பெயர் பக்தவத்சலம். கோர்படியில் மரக்கடை. போபோடியில் இஸ்மாயில் பாய்க்கு ஒன்று, பாணேரில் முகுந்துக்கு ஒன்று. முகுந்த் வயதில் இளையவன். அங்கே முளைக்கிற அடுக்குமாடிகளுக்கெல்லாம் கதவு நிலை அவன்தான் கொடுக்கிறான். மூன்று பேரும் சந்திராபூர் ஏலத்தில் தேக்கு எடுத்து, ஆளுக்கொரு லாரியைப் பாதி காலியாக ஓட்டிவந்துகொண்டிருந்தோம். ஒரே லாரியில் ஏற்றலாம் என்று சொன்னவன் நான். வாடகையைப் பிரிக்க மண்டையை உடைத்துக்கொண்டவனும் நான்தான். மரத்தின் அளவுக்குக் கொஞ்சம், தூரத்துக்குக் கொஞ்சம் என்று யாருக்கும் வயிறு எரியாதபடி பிரித்துக் கொடுத்தேன். அதற்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

பிரிக்காமல் விட்டுப்போனது ஒன்றுதான். லாரி முதலில் என் வாசலில் நிற்கும். என் மரம் இறங்கியதும் மீதிச் சுமை தொளதொளவென்று ஆகிவிடும். மரங்களை நகர்த்தி, உருளாமல் முட்டுக்கட்டை கொடுத்து, சங்கிலியை இறுக்கித்தான் அனுப்ப வேண்டும். சுமை இறக்கும் என் ஹமால்களுக்கு அரை நாள் வேலை. லாரியில் என் மரம் ஒரு துண்டுகூட மிச்சமிருக்காது. ஆனால் கூலி என்னுடையது, கட்டை என்னுடையது, ஏதாவது சரிந்தால் திட்டும் எனக்கு. முதலில் இறக்குகிறவன்தான் மீதியைக் கட்டி அனுப்ப வேண்டும் என்பது மரக்காரர்களின் வழக்கமாம். யார் போட்ட வழக்கமோ. ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதையும் மூன்றாகப் பிரிப்போம் என்று இரண்டு வருடமாகக் கேட்டேன்.

"அங்கிள், தூரம்னு சொல்லி வாடகையே நான்தான் ஜாஸ்தி தர்றேன். இதையும் என் தலையில கட்டாதீங்க," என்றான் முகுந்த்.

இஸ்மாயில் பாய் சிரித்தார். "அரே பக்தா, உன் வாசல்ல நிக்கிற வண்டிய நீதானே பாக்கணும்? தஸ்தூர்ப்பா அது, பழைய வழக்கம். சோட் தோ, விட்டுடு."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

போன வியாழக்கிழமை என் மரம் இறங்கியதும் ஹமால்களை டீ குடிக்க அனுப்பினேன். டிரைவர் மாடசாமி சாப்பிடப் போயிருந்தான். லாரியில் இருந்த முட்டுக்கட்டைகள் என் கடையில் அறுத்தவை. எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன். சங்கிலியைப் பார்வைக்கு இறுக்கமாகத் தெரிகிற அளவுக்கு மாட்டினேன். மாடசாமி வந்து, "கட்டியாச்சா மொதலாளி?" என்று கேட்டான். கட்டியாச்சு என்றேன்.

இஸ்மாயில் பாய் தன் மரத்தை ஹமால்களிடம் விடமாட்டார். பக்கப் பலகையைத் தாமே நின்று தட்டித் திறப்பார். இது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். ரம்ஜானுக்கு அவர் வீட்டில் சாப்பிடுகிறவன் நான். லாரி போபோடி போய்ச் சேருவதற்குள் ஒரு போன் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். போட்டிருக்கலாம். புதிதாக வாங்கிய செல்போன் சட்டைப் பையிலேயேதான் இருந்தது. ஆனால் அதையும் நானேதான் செய்ய வேண்டுமா?

பலகை திறந்ததும் மரங்கள் மொத்தமாக உருண்டு வந்தனவாம். அவருக்கு நகர நேரமில்லை.

மறுநாள் ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தேன். அவர் மகள் பானு என்னைப் பார்த்ததும் உடைந்துவிட்டாள். "பக்தா மாமா, நீங்க கட்டி அனுப்புன வண்டின்னா அத்தா சங்கிலியத் தொட்டுக்கூடப் பாக்க மாட்டாரே," என்றாள். எனக்கும் அழுகை வந்தது, பொய்யில்லை.

மாடசாமியை நீங்கள் உள்ளே வைத்திருப்பது பிறகுதான் தெரிந்தது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. மூன்று முதலாளிகள் சுமக்க வேண்டியதை ஒரு டிரைவர் தலையில் ஏற்றுவது அநியாயம். அவனை விட்டுவிடுங்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இஸ்மாயில் பாயைக் கொன்றது நான்தான் என்று எழுதச் சொல்கிறீர்கள். எழுதுகிறேன், என் பங்குக்கு மட்டும். மூன்றில் ஒன்று. முகுந்தின் பங்கை அவனைக் கூப்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இஸ்மாயில் பாய் தன் பங்கைக் கொடுத்துவிட்டார்.