முழக்கம் தொடங்கும் வாரம்

வானக்காவுக்கு இலையுதிர்காலத்தில் போவதாக இருந்தால் ஏப்ரல் இரண்டாவது வாரம்தான் சரி, பூமியின் இந்தத் தென்பாதியில் இலை உதிர்வது ஏப்ரலில்தான். முதல் வாரத்தில் ஏரிக்கரை பாப்லார் மரங்கள் பாதி பச்சையாகவே நிற்கும். மூன்றாவது வாரத்தில் வடமேற்குக் காற்று ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டுப் போயிருக்கும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்து சில நாட்கள் ஆகியிருக்கும் என்பதால் காலையில் சீக்கிரம் வெளிச்சம் வந்துவிடும். தங்குமிடத்தை செப்டம்பரிலேயே சொல்லி வைத்துவிட வேண்டும். சமையலறை உள்ள இடமாகக் கேளுங்கள். ஏரியைப் பார்த்த அறைக்கு எல்லோரும் அடித்துக்கொள்வார்கள், ஆனால் அங்கே காலை வெயில் படாது, நனைந்த காலுறை காயாது.

நீங்கள் இதைக் கேட்கவில்லை, தெரியும். எப்போதிலிருந்து திட்டமிட்டீர்கள் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் பதில் சொல்கிறேன். செப்டம்பரிலிருந்து.

எங்கள் ஊர் பால்க்ளூதாவில் நெவில் என்றால் தெரியாதவர்கள் குறைவு. துப்பாக்கி உரிமம் வாங்க வருகிறவர்களுக்கு இருபத்தாறு வருடம் பாதுகாப்பு வகுப்பு எடுத்திருக்கிறேன். அப்பனுக்கு எடுத்து, பிறகு அவன் மகளுக்கும் எடுத்த வீடுகள் உண்டு. என்னிடம் படித்தவர்களில் ஒருவர்கூட இன்னொருவரைத் தவறிச் சுட்டதில்லை. அந்தப் பெருமை எனக்கு இருந்தது, மறைக்கவில்லை.

வெளியூர்க்காரர்கள் இலையைப் பார்க்க வருவார்கள். நாங்கள் முழக்கத்துக்கு வருவோம். ஏப்ரலில் ஆண்மான்கள் துணை தேடி மலை அதிரக் கத்தும், அதுதான் முழக்கம். வேட்டைக்காரனும் ஒரு குழாயை வாயில் வைத்து அதே மாதிரி கத்துவான். போட்டிக்கு இன்னொருத்தன் வந்துவிட்டான் என்று மான் வெறியோடு வெளியே வரும். சிக்கல் என்னவென்றால், சரிவின் இரண்டு பக்கமும் இரண்டு மனிதர்கள் உட்கார்ந்துகொண்டு ஒருவரையொருவர் மான் என்று நினைத்துக் கத்திக்கொண்டிருக்கலாம். அதனால் முதல் வகுப்பில் பலகையில் ஒரே வரி எழுதுவேன்: முழுதாகக் கண்ணால் பார்க்காமல் விசையைத் தொடாதே.

போன வருடம் ஏப்ரலில் நான் தொட்டுவிட்டேன்.

மெர்வ் என் மனைவி ரேவினின் தம்பி. முப்பது வருடமாக மூன்று பேரும் சேர்ந்துதான் வானக்கா போவோம். ரேவின் ஏரியோரம் நடப்பாள், வால்நட் மரத்தடியில் பொறுக்கிப் பை நிறைப்பாள். நானும் மெர்வும் மலைக்குப் போவோம். அன்று மூடுபனி. ஏறி வந்த சூட்டில் மெர்வ், மனிதன் என்று தூரத்திலேயே தெரிவதற்காக நாங்கள் போடும் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, பழுப்புக் கம்பளியோடு செடிகளுக்குள் உட்கார்ந்து, பழைய தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயில் கத்தியிருக்கிறான். நான் பழுப்பு நிறத்தைப் பார்த்தேன், அதற்கு மேல் கொம்பு மாதிரி ஒரு கிளையைப் பார்த்தேன். குண்டு அவன் காதிலிருந்து ஒரு சாண் தள்ளி மரத்தில் பாய்ந்தது. மரச்சிராய்கள் கன்னத்தில் குத்தி ரத்தம் வழிய எழுந்து நின்றான். அவன் வாந்தி எடுத்தான், நானும் எடுத்தேன். பிறகு என் தோளில் கை போட்டு, “விடு மச்சான். யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். அக்காவுக்குக்கூடத் தெரிய வேணாம்” என்றான்.

பதினோரு நாள் சொல்லைக் காப்பாற்றினான். பன்னிரண்டாம் நாள் வேட்டைச் சங்கத்தின் ஞாயிறு விருந்தில், இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் எழுந்து நின்று, விரல்களைத் தலையில் கொம்பாக வைத்துக்கொண்டான். “துப்பாக்கி வாத்தியார் கையால குண்டு வாங்கிட்டு, உயிரோட சாப்பிட வந்து உக்காந்திருக்கிற ஒரே மான் நான்தான்” என்றான். அறுபது பேர் சிரித்தார்கள். ரேவினும் சிரித்தாள், என் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்திக்கொண்டாள்.

அதன் பிறகு கதைக்குக் கண் காது மூக்கு முளைத்தது. ஆணி வாங்கப் போனால் அலமாரிக்குப் பின்னாலிருந்து யாராவது மெல்ல முழங்குவார்கள். கறிக்கடையில் முழங்கினார்கள். மே மாதம் என் வகுப்பிலேயே கடைசி வரிசையிலிருந்து ஒரு முழக்கம் வந்தது, இருபது பேரும் குனிந்து சிரித்தார்கள். ஜூனில் சங்கத்திலிருந்து மரியாதையாக ஒரு கடிதம் வந்தது, இந்த வருடம் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று. படித்துவிட்டு கராஜில் உட்கார்ந்து அழுதேன். எனக்கென்று இருந்தது அந்த ஒரு பெயர்தான்.

மெர்வ் கெட்டவன் இல்லை. அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நான் கேட்டபோது அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். “சிரிச்சாதான் மச்சான் இதெல்லாம் ஆறும். நீயும் சேந்து சிரியேன்” என்றான். முயற்சி செய்தேன், கண்ணாடி முன்னால் நின்றுகூட முயற்சி செய்தேன். வரவில்லை.

வேறு வழிகளையும் யோசிக்காமல் இல்லை. ஏரித் தண்ணீர் ஏப்ரலிலேயே உடம்பை முறுக்கிவிடும், படகிலிருந்து தள்ளிவிட்டால் ஒரு மனிதன் கத்தக்கூட முடியாது. மலைக் குடிசையில் காற்றுப்போக்கியை அடைத்துவிட்டு அடுப்பை எரியவிடலாம். செங்குத்துப் பாறையில் கயிற்றை விட்டுவிடலாம். எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஒவ்வொன்றாக அடித்தேன். இவையெல்லாம் விபத்து மாதிரி இருக்கும். விபத்து என்றால் என்ன, கவனக்குறைவு. நெவில் மறுபடியும் கவனம் தப்பிவிட்டான் என்பார்கள். எனக்கு அது வேண்டாம்.

நான் விரும்பியது எளிமையானது. அதே மலை, அதே பருவம், அதே மெர்வ். இந்த முறை தெளிவான வெளிச்சத்தில், முழுதாகப் பார்த்து, இவன்தான் என்று தெரிந்து சுடுவது. பிறகு நானே இறங்கி வந்து, சுட்டது யாரை என்று சொல்வது. கொலைகாரன் என்று சொல்லட்டும். மானுக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று யாரும் சொல்ல முடியாது.

ரேவினுக்கு இந்த வருடம் போக மனமில்லை. “வேணாமே நெவ், கடல் பக்கம் எங்கயாவது போலாம்” என்றாள். நான் விடவில்லை. வழக்கமாக அவள்தான் இடம் சொல்லி வைப்பாள், இந்த முறை நானே போன் செய்து அறை பிடித்தேன். மனுஷன் தேறிவிட்டான் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். மெர்வுக்குப் புதிதாக ஒரு நீலக் கம்பளித் தொப்பி பின்னினாள். எனக்கு அது உதவியாகத்தான் இருந்தது, ஆரஞ்சுச் சட்டையும் நீலத் தொப்பியும் என்றால் ஒரு மைலில் தெரியும்.

முதல் இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் காலை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. காலை உணவின்போது ரேவின் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, “இந்த வருஷத்தோட அந்தக் கதைய முடிச்சிடணும்டா மெர்வ்” என்று தம்பியிடம் சொன்னாள். மெர்வ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அவள்தான் எங்களைக் காரில் கொண்டுபோய் விட்டாள். நான் ஓடை வழியாகச் சுற்றிக்கொண்டு போவது, மெர்வ் நேராக மேட்டுக்கு ஏறி முழங்குவது என்று பேச்சு. நான் முதலில் கிளம்பினேன். திரும்பிப் பார்த்தபோது ரேவின் கை அசைத்தாள்.

ஒன்பதரைக்கு மேட்டிலிருந்து முழக்கம் கேட்டது. வழக்கத்தைவிட மெலிந்து, நடுவில் உடைந்தது. முந்தின நாள் குடித்த விஸ்கி தொண்டையைப் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். பதிலுக்கு முழங்கினேன். மறுபடி வந்தது, இந்த முறை சிரிப்பை அடக்கிக்கொண்டு கத்துகிற மாதிரி இருந்தது. என்னை வைத்து இன்னமும் சிரிக்கிறான் என்று மனது கொதித்தது. துப்பாக்கியைத் தோளில் ஊன்றினேன்.

நூற்று நாற்பது மீட்டர். குறிபார்க்கும் கண்ணாடியில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆரஞ்சுச் சட்டை, வலது பை கிழிந்தது, மெர்வுடையது. நீலத் தொப்பி. வாயில் குழாய், அது முகத்தில் பாதியை மறைத்தது. இரண்டு முழு நிமிடம் காத்திருந்தேன், கடிகாரம் பார்த்து. பின்னால் வேறு யாரும் இல்லை. நான் இருக்கும் பக்கம் பார்த்து ஒரு கை உயர்ந்து அசைந்தது. அப்போது சுட்டேன்.

முதல் குண்டு மார்பில். உடம்பு பின்னால் தள்ளப்பட்டு, களைத்தவன் உட்காருவது போல உட்கார்ந்தது. ஒரு சத்தம் வந்தது, கீச்சென்று உயர்ந்த சத்தம். அடிபட்டால் எந்த ஆணின் குரலும் அப்படித்தான் உயரும். ஒரு கை தரையில் ஊன்றி எழப் பார்த்தது. துடிக்கவிடுவது சரியில்லை, அதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதனால் இரண்டாவது. அது கழுத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. தொப்பி கழன்று சரிவில் உருண்டது, கொஞ்சம் நரைத்த தலைமுடி காற்றில் நீளமாகப் பறந்தது. மெர்வ் முடி வெட்டி நாளாகியிருக்க வேண்டும்.

அருகில் போய்ப் பார்க்கவில்லை. தெரிந்தவனுக்கு அது தேவையில்லை. துப்பாக்கியில் மிச்சம் இருந்த குண்டுகளை எடுத்துவிட்டு, ஓடை வழியாக இறங்கி, வழியில் வந்த வண்டியில் ஏறி நேராக உங்களிடம் வந்தேன். வந்ததும் சொன்னேன், என் மைத்துனன் மெர்வைச் சுட்டுவிட்டேன், தவறிப்போய் இல்லை என்று. வாசலில் இருந்த காவலர் எழுதிக்கொண்டார்.

இப்போது நீங்கள் வேறு எதையோ சொல்கிறீர்கள். மெர்வ் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறானாம். காரைப் பூட்டிவிட்டு ரேவின் அவனோடு மலை ஏறினாளாம். குளிர்கிறது என்று அவன் சட்டையையும் தொப்பியையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, குழாயையும் கேட்டாளாம். “இந்தத் தடவ நெவ் என்னைப் பாக்கட்டும். பாத்து, துப்பாக்கிய இறக்கி வச்சிட்டு, நடந்து வரட்டும். அத நீ போய் ஊர் பூரா சொல்லு” என்றாளாம். நான் நடந்து வருவேன் என்று அங்கேயே நின்றாளாம். மெர்வ் கீழே பாறைக்குப் பின்னால் ஒளிந்து சிரித்துக்கொண்டிருந்தானாம்.

நன்றாக ஜோடித்த கதை. மெர்வ் இருந்திருந்தால் அவனே இப்படித்தான் சொல்லியிருப்பான். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ அழுவது கேட்கிறது, அது அவன் குரல் மாதிரியும் இருக்கிறது. எத்தனையோ பேருக்கு அந்த மாதிரிக் குரல் உண்டு.

இந்தப் படத்தை மூன்றாவது தடவையாக என் முன்னால் தள்ளுகிறீர்கள். பார்த்தாயிற்று. சட்டை மெர்வுடையது. விரலில் இருப்பது கல்யாணத்துக்காக நான் டனீடின் நகரத்தில் வாங்கிய மோதிரம்தான், ஒப்புக்கொள்கிறேன். மெர்வ் அதை எதற்குப் போட்டுக்கொண்டான் என்று எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருடம் வகுப்பு எடுத்தவன் நான், இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் சுட்டேன்.

வேண்டுமானால் ரேவினைக் கூப்பிடுங்கள். அவள் வந்து பார்த்துச் சொல்லட்டும், நான் சுட்டது யாரை என்று.