வெத்தூரியாவின் குடைமிளகாய்

நியாயம் அறிந்த பெருமக்களே, முதலில் ஒரு குடைமிளகாயைப் பாருங்கள். தோட்டத்தில் விளைந்தது கோணலாக இருக்கும். ஒரு கன்னம் சிவந்து, மறு கன்னம் பச்சையாக நிற்கும். சரக்கு வண்டியில் வந்ததோ கல்யாணப் புகைப்படத்துக்கு நிற்பதுபோல் ஒரே சீராக இருக்கும். இந்த வேறுபாட்டைக் காண மறுத்த ஓர் ஊரின் அநீதிக்கு உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன்.

எங்கள் இலையுதிர்கால வேளாண் கண்காட்சியில் பன்றிக்கும் பூசணிக்கும் பரிசு உண்டு. ஆனால் தலையாய பரிசு, சுட்ட குடைமிளகாயும் கத்தரியும் காளானும் சேர்த்து நாள் முழுதும் காய்ச்சும் சகுஸ்காவுக்கே. காய்கள் சொந்தத் தோட்டத்தில் விளைந்திருக்க வேண்டும் என்பது விதி. அடுத்த வீட்டு வெத்தூரியா நான்கு ஆண்டுகளாகக் கடைக் காயைக் காய்ச்சி முதற்பரிசு வாங்கினாள். நான் துண்டறிக்கை அச்சிட்டேன். தேவாலய வாசலில் முழங்கினேன். தலைமை நடுவர் ஒக்தாவியன், ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர், பொறுமையாகவே பதில் சொன்னார்.

"மிளகாய் எங்க விளைஞ்சா என்ன சவேதா அக்கா? நாக்குக்கு முகவரி தெரியுமா?"

சிரித்தவர்களின் பெயர்களை நான் குறித்துக்கொள்ளவில்லை. நான் வன்மம் பாராட்டுபவள் அல்லள்.

சகுஸ்கா காய்ச்சும் நாளில் கிளறித் தர வரும் அண்டை வீட்டாரை மறுப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. இந்த ஆண்டு நான் போனேன். வெத்தூரியா துடுப்பை என் கையில் கொடுத்தாள்.

"வாங்கக்கா. விதிப் புத்தகமும் கொண்டு வந்தீங்களா? அதையும் நறுக்கிப் போட்டுடலாம்."

நானும் சிரித்தேன். இனிமையான நாள் அது. போட்டிக்கான ஜாடியை நிரப்பும் பெருமையை எனக்கே தந்தாள். பன்றியும் முகராத வெளிறிய காளானை வீட்டிலேயே வதக்கி எடுத்துப் போயிருந்தேன். அதை அந்த ஒரு ஜாடியில் மட்டுமே கலந்தேன். மற்றவை அவள் குடும்பம் குளிர்காலமெல்லாம் உண்பதற்கானவை. அளவு அறிந்து நடப்பவள் நான்.

கண்காட்சியில் இந்த முறையும் அவள் ஜாடிக்கே முதற்பரிசு. வென்ற ஜாடியில் உள்ளதை ரொட்டியில் தடவி ஊருக்கே பகிர்வது மரபு. வெயில் இதமாக இருந்தது, அக்கார்டியன் ஒலித்தது. ஒக்தாவியன் இரண்டு துண்டு தின்றார். வெத்தூரியாவின் மருமகள் ஸ்தெலூட்சா எனக்கும் ஒன்று நீட்டினாள்.

"நீங்க நிரப்பின ஜாடிதானே, சாப்பிடுங்க பெரியம்மா."

கடைக் காயை நான் தொடுவதில்லை என்றேன். கொள்கையை விட்டுக்கொடுக்க முடியாது அல்லவா.

"அப்போ உங்க பங்கும் எனக்குத்தான்" என்று அவளே தின்றாள். நல்ல பெண்.

மறுநாள் மாலைவரை ஊர் மகிழ்ச்சியாகவே இருந்தது. பிறகு பதினேழு பேர் மருத்துவமனைக்குச் சென்றார்கள். ஒக்தாவியனும், அக்கார்டியன் வாசித்தவரும், ஸ்தெலூட்சாவும் திரும்பவில்லை.

இப்போது வெத்தூரியாவைக் காவலில் வைத்திருக்கிறார்கள். காளானை எங்கே பறித்தாய் என்று ஓயாமல் கேட்கிறார்கள். குடைமிளகாயைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரோ அவளுக்காக அழுகிறது. இதைப் பொறுக்க முடியாமல்தான் பேசுகிறேன். காளான் என்னுடையது, நானே பறித்தேன், நானே கலந்தேன். என் பங்கு உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவள் பங்கு உண்மையை யார் வாங்குவது? பெருமக்களே, இன்றே கண்காட்சிக் குழுவுக்கு எழுதுங்கள். திரளாகச் சென்று வாசலில் நில்லுங்கள். அந்தப் பரிசை அவளிடமிருந்து பறிக்கும்வரை கலையாதீர்கள்.