மூன்றாவது சுற்று

சந்தானம் சாரின் வீட்டுக்கு நான் முதன்முதலில் போனது செவ்வாய்க்கிழமையா வியாழக்கிழமையா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மல்லேஸ்வரத்தில் அன்று மழை பெய்ததாக நினைக்கிறேன். ஆனால் வாசலில் விட்டுப் போன செருப்பு, திரும்பி வந்தபோது நனையாமல் இருந்ததும் நினைவிருக்கிறது. எனவே மழை இல்லாமலும் இருந்திருக்கலாம். நினைவைப் பற்றிப் பேசும்போது நான் ஜாக்கிரதையாக இருக்க விரும்புகிறேன்.

என் பெயர் கோவிந்தராஜன். பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு வீட்டிலேயே ஒரு சின்ன லேத்தைப் போட்டு, நுணுக்கமான ரிப்பேர் வேலைகள் செய்கிறேன். கடிகாரம், தையல் மெஷின், ஒருமுறை பல் டாக்டரின் கருவிகூட. யாரோ என் நம்பரைக் கொடுத்து சந்தானம் சார் கூப்பிட்டார். பொம்மை ரயில் எஞ்சின் ஒன்று ஓயாமல் தடம் புரள்கிறது என்றார்.

பொம்மை என்று சொல்லக்கூடாதுதான். உள்ளங்கைக்குச் சற்று நீளமான கறுப்பு நீராவி எஞ்சின், அவர் மகன் வெங்கி வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தது. தன் மனைவி ருக்கு இறந்த பிறகு சார் கூடத்தையே ரயில் நிலையமாக்கிவிட்டிருந்தார். நாலு பலகை சேர்த்த மேஜை, அதில் நீள்வட்டமாகத் தண்டவாளம், ஜன்னலோரம் அது இரண்டாகப் பிரியும் இடம். அந்தப் பிரிவில்தான் எஞ்சின் புரண்டது.

ஐந்து நிமிட வேலை. ஒரே அச்சிலிருக்கும் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, உட்பக்கம் பதினாலரை மில்லிமீட்டர் இருக்கவேண்டும். நடு அச்சில் அது சற்றுக் குறைந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது, கேஜ் வைத்தால்தான் தெரியும். சரிசெய்து ஓடவிட்டேன். இருபது சுற்று ஓடியது. எழுபத்தெட்டு வயசுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பிள்ளையார் முன்னால் நிற்பது போல நின்று பார்த்தார்.

"பேஷ். பீன்யாலயா இருந்தேள்? நான் ஃபாக்டரி இன்ஸ்பெக்டரா அங்க பதினோரு வருஷம் சுத்தியிருக்கேன். ஏதாவது ஆக்சிடென்ட்னா நான்தான் ரிப்போர்ட் எழுதுவேன்."

நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து மூன்றில் பவர் பிரஸ்ஸில் கை போன முனிரத்தினம் என்ற பையனை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவர் உண்மையாகவே யோசித்தார். அதை மறுக்க மாட்டேன்.

"எத்தனையோ கேஸ். ஞாபகம் இல்லையே" என்றார்.

முனிரத்தினம் என் தம்பி. வலது கையில் நான்கு விரல்கள் போயின. ஆஸ்பத்திரிக்கு வந்த சூபர்வைசர், இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டின் நகல் ஒன்றைக் கொடுத்து, "ஆபீசரே நிர்லக்ஷ்யன்னு எழுதிட்டாரு, இனிமே பேசிப் பிரயோஜனமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். நிர்லக்ஷ்ய என்றால் கன்னடத்தில் கவனக்குறைவு. எனக்குத் தெரியும். என் அம்மாவுக்குத் தெரியாது. தமிழில் லட்சியம் என்றால் என்னவோ அதையே வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் லட்சியமில்லாதவன் என்று தன் மகனைப் பற்றி அரசாங்கமே எழுதிவிட்டதாக நினைத்தாள். சோறு போடும்போதெல்லாம் அதைச் சொன்னாள். நான் திருத்தவில்லை. திருத்தினால் கவனக்குறைவு என்று சொல்ல வேண்டியிருக்கும், அது மேலானதா என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி முதல் வருடம் மறுத்தான். தடுப்புக் கம்பி கழன்றிருந்தது, தான் சரியாகத்தான் கை வைத்தேன் என்றான். இரண்டாம் வருடம் யோசிக்க ஆரம்பித்தான். பிறகு அந்தக் கையை மேஜைமேல் வைத்து, தான் எப்படித் தப்பாக வைத்திருக்கக்கூடும் என்று எனக்கே செய்து காட்டுவான். எட்டாவது வருடம் யஷ்வந்தபுரம் பக்கம் தண்டவாளத்தைத் தாண்டும்போது வண்டி வருவதைக் கவனிக்கவில்லை. அந்தச் சாவையும் கவனக்குறைவு என்றுதான் எழுதினார்கள்.

எனவே, நினைவில்லை என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. நினைவில்லாமல் போவது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியட்டும் என்று மட்டும் தோன்றியது.

வாரம் ஒருமுறை போக ஆரம்பித்தேன். கூலி வேண்டாம், எஞ்சினைப் பார்ப்பதே போதும் என்றேன். சமையலுக்கு வரும் மமதா எனக்கும் காபி கொடுப்பாள். நானும் சாரும் பேசாமலே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். அவருக்கும் மௌனம் பிடித்திருந்தது. வேறு இடத்தில் சந்தித்திருந்தால் நண்பர்களாகியிருப்போம்.

கிளம்பும் முன் நடு அச்சின் சக்கரத்தை ஒரு மயிரிழை உள்ளே தள்ளிவிடுவேன். அடுத்த வாரம் வந்து, "சார், ஆயில் போட நீங்களே கழட்டினதா போன்ல சொன்னீங்களே" என்பேன். அவர் போன் செய்திருக்கமாட்டார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அரிசி டப்பாவில் வைப்பேன். பிறகு மூக்குக் கண்ணாடியை ஃபிரிட்ஜில். மாத்திரை டப்பாவில் செவ்வாய்க்கிழமை மாத்திரையைப் புதன்கிழமைக்கு மாற்றுவேன். கேஸ் அடுப்பின் குமிழைத் திறந்து வைத்தது ஒரே ஒருமுறை, அதுவும் ஜன்னல்கள் திறந்திருந்தபோது. நான் மனிதனைக் கொல்லப் போனவன் இல்லை.

ஐந்து மாதத்தில் அவர் சின்னச் சின்னத் துண்டுக் காகிதங்களில் எல்லாவற்றையும் எழுதிவைக்கத் தொடங்கினார். அவற்றில் சிலவற்றை நான் எடுத்துக்கொண்டேன்.

வெங்கி எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கத்தில் இருக்கிறான். நல்ல பையன், கேஸ் விஷயத்தில் பயந்துபோனான். அப்பாவை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்தான். சந்தானம் சார் எஞ்சினைக் காட்டினார்.

"வர ஞாயித்துக்கிழமை நீயே எதிர்ல உக்காரு. பத்து சுத்து ஓட்டறேன். புரளாம ஓடித்துன்னா என்னை இங்கயே விட்டுடு. புரண்டா, நீ சொல்ற எடத்துக்கு வாயத் திறக்காம வரேன்."

"என்னப்பா இது, பந்தயமா?" என்றான் வெங்கி. ஆனால் ஒப்புக்கொண்டான். கோவிந்தராஜன் சனிக்கிழமை வந்து எல்லாவற்றையும் சரிபார்த்துவிடட்டும் என்று சார்தான் சொன்னார்.

சனிக்கிழமை காலை போனேன். சார் குளிக்கப் போயிருந்தார். எஞ்சினை என் மடியில் கவிழ்த்து வைத்திருந்தேன். சட்டைப்பையில் கேஜும், இருபது வருடமாகப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த அந்த ரிப்போர்ட்டும் இருந்தன. எல்லாம் முடிந்தபின் அதை அவர் கையில் கொடுப்பதாகத் திட்டம். அந்த வார்த்தையின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டுக் கொடுக்க விரும்பினேன். பெங்களூரில் பிறந்த எங்களில் பலரைப் போல எனக்குக் கன்னடம் பேசவரும், எழுத்து வராது. மமதாவைக் கூப்பிட்டு, நிர்லக்ஷ்ய என்று எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு விரலை வைத்து வாசித்தாள். "இங்க இருக்கு அண்ணா. 'ஆடளித வர்கத நிர்லக்ஷ்யவே காரண.' அப்டின்னா மேனேஜ்மென்ட்டோட தப்புன்னு அர்த்தம். மெஷினோட தடுப்புக் கம்பிய கழட்டி வெச்சிருந்தாங்களாம். ஒர்க்கர் மேல தப்பு இல்லன்னு கீழ தனியா எழுதியிருக்காரு. யாருது அண்ணா இது?"

தெரிந்தவர் ஒருவருடையது என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். தாளித்த வாசனை வந்தது.

சார் குளித்துவிட்டு வர இருபது நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் எஞ்சின் என் மடியில்தான் இருந்தது. சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும் என்று ஏற்கெனவே சொன்னேன். நான் அவசரப்பட்டு முடிவெடுக்கவில்லை, நிதானமாகவே யோசித்தேன். சரியாக எழுதியவர், எழுதியதோடு விட்டுவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்து வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எங்களுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, பெயரையும் மறந்துவிட்டார். அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது அல்லவா. காகிதத்தை உறைக்குள் வைத்தேன். எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தேன்.

"எல்லாம் சரியா இருக்கா?" என்று தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"சரியா இருக்கு சார்."

மறுநாள் முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில், ஜன்னலோரப் பிரிவில், எஞ்சின் மெல்லச் சாய்ந்து படுத்தது. சத்தம்கூட அதிகமில்லை. வெங்கி தலையைக் குனிந்துகொண்டான். சார் தன் வலது கையை மேஜைமேல் விரித்து வைத்துப் பார்த்தார்.

"நான்தான் சரியா வைக்கலை போலிருக்கு" என்றார்.

ஒரு கையை அப்படி வைத்துப் பார்ப்பதை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

சந்தானம் சார் அந்த இல்லத்தில் ஏழு மாதம் இருந்தார். கடைசி இரண்டு மாதம் மகனை அடையாளம் தெரியவில்லை என்றார்கள், அதில் என் பங்கு எதுவுமில்லை. வெங்கி வீட்டை விற்றுவிட்டான். மமதா ராஜாஜிநகரில் வேறொரு வீட்டில் சமைக்கிறாள். என் அம்மா, லட்சியமில்லாத மகனைப் பெற்றவளாகவே எப்போதோ இறந்துபோயிருந்தாள். சூபர்வைசர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது, தேடவுமில்லை. எஞ்சினை வெங்கி எனக்கே கொடுத்துவிட்டான். சக்கரத்தைப் பதினாலரைக்கு வைத்துவிட்டேன், இப்போது புரள்வதில்லை. அந்தக் காகிதத்தை முன்பே யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கலாம். என் பக்கம் நடந்த கவனக்குறைவு அது ஒன்றுதான்.