ஆத்திலை விட்ட பூ

தொண்ணூத்திரண்டோ மூண்டோ, நினைவில்லை. மண்ணெண்ணைக்கு வரிசையிலை நிக்கிறன். கான் என்ரையில்லை, மருமோன்ரை; மூடி துலைஞ்சு தும்புதான் அடைச்சிருந்தது. ஆமி பிடிச்சிருந்ததாலை, செத்தவைக்குக் கடமை செய்யக் கீரிமலைக் கடலுக்குப் போகேலாத காலம். எனக்கு முன்னாலை உரும்பிராய் மனிசி ஒண்டு, கையிலை மகன்ரை கடிதம். பக்கத்திலை நிண்ட குருநகர் மீன்காரிக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தா.

"தேப்பன்ரை திவசத்தண்டு, செர்மனியிலை ஆத்தங்கரைப் பூங்கா ஒண்டுக்குப் போனவனாம். அங்கை பூத்திருவிழாவாம், சனம் புல்லிலை இருந்து சாப்பிடுதாம். இவன் எள்ளு கிடைக்காமல், மரத்துக்குக் கீழை கிடந்த பூவை அள்ளி ஆத்திலை விட்டவனாம்."

"நல்லதுதானே அக்கா," எண்டா மீன்காரி.

"விழுந்த பூவை நாங்கள் சாமிக்கே வைக்கிறேல்லை. அவருக்குப் போய்ச் சேருமே?"

மீன்காரி கேட்டா, "அந்த ஆறு எங்கை போகுது?"

"கடலுக்குத்தானே போகும்."

"அப்ப எங்கடை பக்கமும் வரும். வலையிலை பட்டால் திரும்பத் தண்ணியிலை விடச்சொல்லி என்ரை மனிசனிட்டைச் சொல்லுறன்."

வரிசை ரண்டடி நகர்ந்தது. உரும்பிராய் மனிசி கடிதத்தை மடிச்சுச் சட்டைக்குள்ளை வைச்சா.

"ரோசா நிறமாம்," எண்டா. "சொல்லிவிடு பிள்ளை."