மூன்று பரிந்துரைக் கடிதங்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் துறைத் தலைவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவருக்குக் கடவுச்சொல் நினைவில் நிற்காது, அவ்வளவுதான். கணினி அறிவியல் துறைக்கே தலைவராக இருந்துகொண்டு இதென்ன கூத்து என்று நீங்கள் சிரிக்கலாம். பதினான்கு வருடமாக அவருடைய மின்னஞ்சலைத் திறப்பதும் படிப்பதும் பதில் போடுவதும் அவருடைய செயலாளரான நான்தான். விசாரணைக்குழுவில் இருக்கும் நீங்கள் மூன்று பேரும் நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் எழுதித் தரச் சொன்னீர்கள். ஒளிக்க என்ன இருக்கிறது, எழுதுகிறேன்.

விண்ணப்பக் காலம் வந்துவிட்டால் வெளிநாட்டில் முதுகலை படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் தலைவர் அறை வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள். பரிந்துரைக் கடிதம் கேட்டால், "மேடம்கிட்ட சொல்லிட்டுப் போங்கப்பா, அவங்க பாத்துப்பாங்க" என்பார். அதன்பிறகு எல்லாம் என் வேலை. அந்தந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து அவர் பெயருக்கு ஓர் இணைப்பு வரும். திறந்தால் முதலில் ஒரு பட்டியல்: இந்த மாணவர் உங்கள் அனுபவத்தில் முதல் ஒரு சதவீதமா, ஐந்தா, பத்தா, இருபத்தைந்தா. கீழே கடிதத்துக்கு ஒரு வெற்றுப் பெட்டி. அனுப்பிய பிறகு அந்தப் பிள்ளையால் அதைப் பார்க்க முடியாது. பார்க்க மாட்டேன் என்று அவர்களே விண்ணப்பத்தில் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள்.

இதில் ஒரு நெளிவுசுளிவு உண்டு. 'கடுமையாக உழைப்பவர், நேரம் தவறாதவர், சொன்னதைச் செய்பவர்' என்று எழுதினால் வெளியாட்களுக்கு அது பாராட்டாகத்தான் தெரியும். தேர்வுக்குழுவில் இருப்பவர்கள் அதைப் படித்ததும் கோப்பை மூடிவிடுவார்கள். 'சொல்லாததையும் யோசிப்பவர்' என்று ஒரு வரி இருந்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எந்தக் கடிதத்துக்கு இடம் கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்று பார்த்துப் பார்த்துப் படிந்தது. என் கடிதத்தால் அறுபது பிள்ளைகளுக்கு மேல் போயிருக்கிறார்கள். அதில் சிலருக்கு மூளை சுமார்தான்.

என் தங்கைக்கு மூளை சுமார் இல்லை. அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை. அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்துமூன்று. எனக்கு வந்த வரன்களை நானே திருப்பி அனுப்பினேன். அவளைக் கண்ணில் வைத்து வளர்த்தேன். இரண்டு அறை வீடு, ஒரே மேசை. அந்த மேசையில் பாதியில் நான் காய் நறுக்குவேன், மறுபாதியில் அவள் கணினி நிரல் எழுதுவாள். இந்தத் துறையில்தான் பட்டம் படித்தாள், முதல் மதிப்பெண்.

அவளும் விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்ன அன்று சிரித்துக்கொண்டே வந்தாள்.

"எனக்கும் நீதானேக்கா எழுதப்போற? கொஞ்சம் தாராளமா அள்ளி விடு."

"ஏன், உனக்கு மட்டும் ரெண்டு கொம்பா முளைச்சிருக்கு?" என்றேன்.

"மூணு" என்றாள்.

ஏழு பல்கலைக்கழகங்கள். ஒரு மத்தியானம் முழுக்க அந்த வெற்றுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோகிறவள் அவள். மழையில் நனைந்தால் மூன்று நாள் இருமுவாள். தெரியாத ஊரில் இவள் என்ன செய்வாள்? அவள் போய்விட்டால் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நேரம் தவறாதவர், அடக்கமானவர், சொன்னதைச் செய்பவர் என்று எழுதினேன். இருபத்தைந்து சதவீதத்தில் குறியிட்டேன். கடிதத்தில் ஒரு பொய்கூட இல்லை. ஏழு மறுப்பும் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் தலையை என் மடியில் வைத்துக் கோதிவிட்டேன்.

"விடுக்கா, அடுத்த வருஷம் ஒரு கை பாத்துடலாம்" என்றாள். என்னை அவள்தான் தேற்றினாள்.

அந்த ஒரு தடவையோடு விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவளுக்குப் பிடிவாதம் அதிகம். கோணல்மாணல் கையெழுத்தைப் படித்துச் சொல்கிற ஒரு நிரலை அந்த வருடம் எழுதினாள். அதைப் பழக்க எங்கள் தலைவருடைய கிறுக்கல்களைத்தான் எடுத்துக்கொண்டாள். அவர் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் இந்தக் கட்டடத்திலேயே நான் ஒருத்திதான். ஆறு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாக நான் வாசித்துச் சொன்னேன், அவள் பதிந்துகொண்டாள். கடைசியில் நிரல் என்னைவிட வேகமாகப் படித்தது. தலைவர் கைதட்டினார். "இனிமே மேடத்துக்கு வேலை மிச்சம்" என்றார். நானும் கைதட்டினேன்.

அந்த நிரலைப் பற்றி ஒரு கருத்தரங்கில் கட்டுரையும் வந்துவிட்டது. பழைய மாதிரி நேரம் தவறாதவர் என்று எழுதி இனி நிறுத்த முடியாது. அதனால் இரண்டாம் வருடம் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தேன்: 'இந்த ஆய்வின் உழைப்பில் பெரும்பகுதி வேறொருவருடையது, கட்டுரையில் அவர் பெயர் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியது என் கடமை.' இதிலும் பொய் கிடையாது. அந்த வேறொருவர் நான்தான்.

இந்த முறை ஒன்பது மறுப்புகள். அவள் என் மடிக்கு வரவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய்ச் சத்தத்துக்குள் அழுகை கேட்காது என்று நினைத்துக்கொண்டாள். தோழிகளின் தொலைபேசி அழைப்பை எடுப்பதை நிறுத்தினாள். தலை வாருவதை நிறுத்தினாள். பாதி சொன்ன வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். அவளுக்கு நான் ஊட்டிவிட வேண்டியிருந்தது, ஒன்பது வயதில் ஊட்டியதுபோலவே. அலுப்பாக இருந்ததா என்று கேட்டால், இல்லை.

மூன்றாம் வருடம் தலைவரே அவளைக் கூப்பிட்டு, "ஏம்மா, ஒரே ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாரேன்" என்றார். அவர் நல்ல மனிதர், விஷயம் தெரியாதவர். அவளும் எதற்கும் இருக்கட்டும் என்று, முன்பு மறுத்த இடங்களில் ஒன்றுக்கு மட்டும் மறுபடி விண்ணப்பித்தாள். அதற்கு நான் எழுதியது: 'இந்த மாணவியின் மனநிலை ஓராண்டாகச் சீராக இல்லை. தன்னைத் தானே கவனித்துக்கொள்ள இயலாத நிலையில் இருக்கிறார். தொலைதூரத்துக்குத் தனியே அனுப்புவது ஆபத்து என அஞ்சுகிறேன்.' நீங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தீர்கள். இதில் எந்த வார்த்தை பொய் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் அங்கே தேர்வுக்குழுவில் ஒரு பேராசிரியை இருந்திருக்கிறார். கையெழுத்து நிரல் அவருக்குப் பிடித்துப்போய், முன் வருடங்களின் கடிதங்களையும் எடுத்துப் படித்திருக்கிறார். நேராகத் தலைவரையே தொலைபேசியில் கூப்பிட்டு, அந்தப் பெண் இப்போது எப்படியிருக்கிறாள் என்று விசாரித்தார். தலைவர் முகம் வெளுத்துப்போனது.

"நான் எப்பம்மா இப்படியெல்லாம் எழுதினேன்?"

"நீங்க எழுதல சார். நான்தான்" என்றேன். மூன்று வருடமும் யாராவது கேட்டிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அதன்பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். தலைவர் தன் கைப்பட உண்மையான கடிதம் எழுதி அனுப்பினார். 'வருகிறேன்' என்று வெள்ளிக்கிழமைக்குள் அவள் ஒரு வரி எழுதினால் போதும், இடம் காத்திருக்கும் என்று பேராசிரியை சொன்னார். உங்களுக்குத் தெரியாதது புதன்கிழமை நடந்தது மட்டும்தான். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன்.

நீங்கள் அவளிடம் கொடுத்த மூன்று கடிதங்களையும் மேசையில் வரிசையாக வைத்து வாசித்தாள். கத்துவாள், பாத்திரத்தைத் தூக்கி எறிவாள், வீட்டைவிட்டே போய்விடுவாள் என்று எதிர்பார்த்து நான் கதவருகே நின்றிருந்தேன். அவள் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"சரியாத்தானேக்கா எழுதியிருக்க" என்றாள். "என்னைப் பத்தி உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

பிறகு கணினியை என் பக்கம் நகர்த்தினாள். "என்னால முடியாதுன்னு அவங்களுக்கு நீயே எழுதிடு. எனக்கு எழுத வரல."

எழுதினேன். மரியாதையாக, சுருக்கமாக, நன்றியோடு. அவளிடம் வாசித்துக் காட்டினேன், தலையாட்டினாள். வியாழக்கிழமை காலையில் அனுப்பினேன். முதல் மூன்று கடிதங்களுக்கு நீங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். நான்காவது, அவளாகக் கேட்டு நான் எழுதியது. தயவுசெய்து அதையும் என் குற்றத்தோடு சேர்த்துவிடாதீர்கள்.