சாம் நகரத்துச் சனம்

வன்னியில் சனம் கடலுக்கும் ஆமிக்கும் நடுவில் அகப்பட்டிருக்க, ஒஸ்லோவில் நாங்கள் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்ற வசந்தம் அது. ஸ்ட்ரோம்மன் போகும் ரயிலில், கையுறையை வீட்டில் மறந்துவிட்டு வந்த அன்று, எனக்கு எதிரே ஒரு தாயும் மகளும். வகுப்பில் பேசப்போவதை மகள் தாய்க்குச் சொல்லிக்காட்டினாள்: முந்திய காலத்தில் வியட்நாம் படை, தனக்குத் தெற்கே இருந்த சாம் என்ற இன மக்களின் நகரத்தைச் சுற்றி வளைத்த கதை.

“கடைசியிலை நகரம் விழுந்திட்டுது. ராசாவைப் பிடிச்சுக்கொண்டு போட்டினம்.”

“உள்ளுக்கிருந்த சனம்?”

“அது புத்தகத்திலை இல்லையம்மா.”

“எந்தப் பக்கத்தாலை தப்பினதெண்டு ரீச்சரிட்டைக் கேள்.”

“அம்மா, அது ஐந்நூறு வரியத்துக்கு முந்தி!”

“இருக்கட்டும். மாமா இன்னும் வன்னிக்குள்ளைதானே. கேட்டு வந்து சொல்லு பிள்ளை, அவன்ரை போன் வந்தால் நான் அவனுக்குச் சொல்லவேணும்.”